மாஸ்டர் பட்டி வந்த வழி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது, வாசல் பக்கத்து மெஷினில் இருந்த பெண் கேட்டார்: "மாஸ்டர் பட்டி உங்களுக்கு எப்டி மாஸ்டர் தோணுச்சு?" நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். எண்ணூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ராயபுரத்துக்காரன் எதிர்ப்பக்கம் போகிற எண்ணூர் பஸ்ஸில் ஏறி என்ன செய்யப் போகிறான் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நன்றி.

பதிலை எழுதியே தருகிறேன். வாயால் சொன்னால் பாதி வழியில் என்னை நல்லவனாக்கிக்கொண்டு விடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம் அது.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக, மாஸ்டர் பட்டி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த லேசான துணியில் திரைச்சீலை தைத்து, அதன் அடியில் மட்டும் கனமான அடர் நிறத் துணியில் அகலமாக ஒரு பட்டி வைக்கிறோமே, அதுதான். மேலே இருப்பது மெத்தை உறைக்குப் போடும் துணியாகவே இருக்கும். ஆனால் பார்க்கிறவர் கண் நேராக அந்தப் பட்டிக்குப் போகும். பட்டியின் கனம் துணியைக் கீழே இழுத்துப் பிடித்து மடிப்புகளை நேராக நிறுத்தும். வருகிறவர்கள் பெரிய இடத்து வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். இன்று திருவொற்றியூரிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் கடைகளில் அதற்கு என் பெயர்தான். நான் வெட்டியதிலேயே என் பெயர் ஒட்டிக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான்.

நான் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேரடிப் பக்கம் ஒரு கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். ஸ்கிரீன் துணி வெட்டுவதில் எனக்கு இரண்டு கர்வம் உண்டு. ஒன்று, ஒரு தடவை அளந்த ஜன்னலை நான் மறந்ததில்லை. தெருப் பெயரைச் சொன்னால் அளவைச் சொல்வேன், நோட்டைப் புரட்டவே மாட்டேன். இரண்டாவது, துணி மிச்சம் பிடிப்பது. ஐந்து ஜன்னலுக்குக் கொடுத்த துணியில் ஆறு ஜன்னல் எடுப்பேன். மிஞ்சிய துண்டுகளை எல்லாம் ஒரு பழைய போர்வையில் கட்டி மேஜைக்கு அடியில் வைத்திருப்பேன். கடையில் அதை 'மாஸ்டர் மூட்டை' என்று கிண்டல் செய்வார்கள். முதலாளி மட்டும் கிண்டல் செய்ய மாட்டார். மிச்சம் அவருக்குத்தானே.

அப்படி ராஜா மாதிரி இருந்த இடத்துக்கு அவள் வந்தாள்.

அவள் இன்று உங்களுக்கு மேடம். எனக்கு இன்னும் அவள்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. வியாசர்பாடியில் வீடு. அதற்கு முன்பு ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தவள். திரைச்சீலை தைத்ததே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டர் கிளினிக்குக்கு மூன்று ஜன்னல். டாக்டர் கையை இறுக்கிப் பிடிக்கிற ஆள். நானாக இருந்தால் சட்டத்துக்கு மேலேயே ராடு அடித்து, ஜன்னல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து, ஜன்னல் முடிகிற இடத்தில் துணியையும் முடித்திருப்பேன். அவள் கடையிலேயே மலிவான துணியை எடுத்தாள். கூரைக்கு ஒரு சாண் கீழே ராடு அடிக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் அரை அடி வெளியே தள்ளி, துணியை ஜன்னல் அகலத்துக்கு இரண்டு பங்கு எடுத்துக்கொண்டு, தரையைத் தொடுகிற நீளத்துக்கு வெட்டினாள். அதற்கும் முன்னால் துணியை ஊறப்போட்டு உலர்த்திச் சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டிருந்தாள். துணியை வாரி இறைக்கிறாயே என்றேன்.

"விலை கம்மித் துணிய கஞ்சமா வெட்னா, நான் விலை கம்மின்னு அதுவே ஊரெல்லாம் சொல்லிடும் மாஸ்டர்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டாவது கர்வம் போய்விட்டது. மாட்டி முடித்துப் பார்த்தால் ஜன்னல் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அறையே உயர்ந்துவிட்டது. டாக்டர் போன் செய்து, விலையைக் குறைத்துப் போட்டுவிட்டீர்களா என்று முதலாளியிடம் கேட்டாராம். முதலாளி அதை எங்கள் எல்லோர் முன்னாலும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறாமை, பொறாமை என்று பெயர் சொல்லிக்கொண்டு வராது. என்னிடம் அது தொழில் அக்கறை என்று வந்தது. "கை நல்லா கீது மொதலாளி, அனுபவம் போதாது" என்று நான் முதலாளியிடம் சொன்னபோது, எனக்கே நான் கடையின் நன்மைக்குப் பேசுகிறேன் என்றுதான் தோன்றியது. ஒருவருக்கு அனுபவம் போதாது என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும்போது, கடைசியாக நீங்கள் எப்போது நன்றாகச் சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து நாள் பொறுத்து, ராடு சரியாக நிற்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லி அந்தக் கிளினிக்குக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. கடல் காற்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மேஜை மேல் இருந்த தாள்கள் பறந்தன. அந்த மலிவுத் துணி மட்டும் அசைந்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்து நின்றது. குனிந்து அடிமடிப்பைக் கட்டை விரலால் தடவினேன். ஒரு சாணுக்கு ஒன்று வீதம் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள். ஈயக்குண்டு. மீன் வலை தண்ணீருக்குள் அமிழ்வதற்காக வலையின் அடிக் கயிற்றில் கோர்ப்பார்களே, அதே குண்டு.

நான் கடலோரத்தில் பிறந்தவன். அப்பா வலைக்காரர். மச்சான் இன்றைக்கும் காசிமேட்டில் போட் வைத்திருக்கிறான். கோலி வாங்கக் காசில்லாத நாளில் நாங்கள் ஈயக்குண்டை வைத்துத்தான் விளையாடுவோம். அத்தனை வருடம் ஸ்கிரீன் தைத்தேன், காற்றில் பறக்கிறது என்று எத்தனையோ பேர் குறை சொன்னார்கள், ஒரு நாள்கூட அந்தக் குண்டை எடுத்துத் துணிக்குள் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. வியாசர்பாடியில் இருந்து வந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கிளினிக் தரையில் குந்தியபடி எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்க்கணுமா என்று கேட்டார்.

அதே மாதம் காலடிப்பேட்டை டீச்சரம்மா கடைக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, ஒரே பெண். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார்கள். ஹாலில் இரண்டு ஜன்னல். உப்புக்காற்றில் சுவர் பொரிந்து, கம்பி துருப்பிடித்து இருந்தது. வெள்ளையடிக்க நாள் இல்லை, அதிகம் செலவழிக்கவும் முடியாது. சுவரும் தெரியக்கூடாது, வீடு கௌரவமாகவும் தெரிய வேண்டும்.

அளவெடுக்கப் போனபோது டீச்சரம்மா இன்னொன்றையும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போனில், "உங்க பக்கம் மீன் வாடை ரொம்ப வருமாமே" என்று கேட்டாராம். டீச்சரம்மா வீடு சுத்த சைவம். நாற்பது வருடம் இதே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். "எங்க ஊரைப் பத்தி அவங்க அப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு மாஸ்டர். வந்து பாக்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றார்.

வந்து பார்க்கட்டும் என்று எனக்கும் ரோஷம் வந்தது. முதலாளி அந்த வேலையை அவளிடம் கொடுப்பதாக இருந்தார். கல்யாண விஷயம், அனுபவம் வேண்டும் என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் விம்கோ நகரில் ஒரு கிளை திறக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள நானா, அவளா என்று அவருக்கே தெளிவில்லை. டீச்சரம்மா வீட்டு ஹாலில் அது தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவள் செய்ததை எல்லாம் அப்படியே செய்தேன். ராடு கூரை ஓரம். துணி இரண்டு பங்கு. நீளம் தரை வரை. சந்தன நிறத்தில் மலிவான துணி. குண்டுக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. மச்சான் வீட்டில் கிழிந்த வலை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு பை நிறையக் குண்டு பிரித்து எடுத்துக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மோந்தும் பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. கடையில் வைத்துத் தைத்தால் அவள் பார்த்துவிடுவாளே என்று ராயபுரத்தில் என் வீட்டிலேயே தைத்தேன். தைத்து மடித்து, என் மனைவி கருவாட்டுக் கூடை மாட்டி வைக்கும் கொக்கிக்குக் கீழே பெட்டி மேல் வைத்தேன். என் மனைவியும் வாடை இல்லை என்றுதான் சொன்னாள்.

நாங்கள் இரண்டு பேரும் மீன் வீட்டில் பிறந்து மீன் வீட்டில் வாழ்கிறவர்கள். எங்கள் மூக்குக்கு எது வாடை?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாட்டினேன். அழகாக விழுந்தது. அவ்வளவு அழகாக என் கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை. பொரிந்த சுவர் மறைந்து, அந்தச் சின்ன ஹால் ஓட்டல் மாதிரி ஆகிவிட்டது. டீச்சரம்மா கண் கலங்கிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை அவள் முகத்தை எப்படிப் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஏழரைக்கு வெயில் நேராகத் துணி மேல் விழுந்தது. டீச்சரம்மா காபி எடுத்துக்கொண்டு வந்தவர் ஹால் நடுவில் நின்றார். "பக்கத்து வீட்ல கருவாடு காயப்போட்டிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். சாத்தியதும் வாடை இன்னும் கூடியது, அவர் முகம் மாறியது. நான் ஒன்றும் இல்லை என்றேன். அப்போது தெருப் பூனை ஒன்று வாசல் வழியாக வந்து, யாரையும் லட்சியம் பண்ணாமல் நேரே போய்த் திரைச்சீலையின் அடியில் முகத்தைத் தேய்த்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சரம்மா ஊதுவத்தி ஏற்றினார், சாம்பிராணி போட்டார். மீன் வாடையும் சாம்பிராணியும் சேர்ந்து ஹால் முழுக்க நின்றது. ஊரில் வராத வாடையை நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்து அவர் வீட்டுக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். அவர் திட்டவில்லை. "மாஸ்டர், அந்தம்மா கேட்டது இதைத்தானே" என்று மட்டும் சொன்னார். உள்ளே பெண் தலை வாரிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கழற்றிவிட்டால் பொரிந்த சுவர். விட்டுவைத்தால் வாடை. அவிழ்த்துத் திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த வித்தை என்னுடையது இல்லை. அது தெரிந்த ஆள் ஒருத்திதான்.

கொல்லைப் பக்கம் போனேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று பெயர் பெயராக யோசித்தேன். மெஷின் ரிப்பேர்க்காரனைக்கூட நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அந்தப் பத்து நிமிடம். மூன்றரை மணி நேரம்தான் இருந்தது. அதில் பத்து நிமிடத்தை என் வீம்புக்கு எடுத்துக்கொண்டேன். நெருக்கடியில் முதலில் கூப்பிட வேண்டியவர் யார் என்று உங்களுக்கு உடனே தெரியும். தெரிந்த பிறகும் விரல் எழாமல் இருக்கிறதே, அந்த நேரத்தைத்தான் குறைக்கப் பழக வேண்டும்.

கடைசியில் அவளைக் கூப்பிட்டேன். தன் தம்பியின் பைக்கில் அரை மணியில் வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். நேரே போய் அடிமடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பழ்சு போட்டியா மாஸ்டர்?"

அவ்வளவுதான் கேட்டாள். என் வித்தையை ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். "வலைக் கடைல புச்சா விக்குது. நான் அத்தத்தான் வாங்கறது" என்று சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்தாள்.

வாடை குண்டிலும் அடியிலும்தான் ஊறியிருந்தது. மேல் துணியில் ஏறினது கொஞ்சம்தான், அது வெயிலிலும் காற்றிலும் போய்விடும் என்றாள். அடியைக் குண்டோடு வெட்டி எடுத்தாள். எட்டு இஞ்சு. மீதித் துணியை மொட்டை மாடியில் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். பூனை வெட்டின துண்டைத் தேடிக்கொண்டு அவள் பின்னாலேயே போனது.

இப்போது திரைச்சீலை எட்டு இஞ்சு குட்டை. தரைக்கு மேலே அரைக்கால் சட்டை மாதிரி நிற்கும். பணக்கார வீட்டையும் ஏழை வீடாகக் காட்டுவதற்கு அந்த எட்டு இஞ்சு போதும். ராடைக் கீழே இறக்கலாம் என்றேன். பொரிந்த சுவர், இன்னொரு தடவை துளை போட்டால் கையோடு வந்துவிடும் என்றாள். பிறகு, "உன் மூட்ட எங்க கீது?" என்று கேட்டாள்.

கடைக்கு ஓடி மூட்டையைத் தூக்கி வந்தேன். ஹால் தரையில் பிரித்துக் கொட்டினோம். ஒரு ஓட்டலுக்குச் சோபா உறை தைத்ததில் மிஞ்சிய காபிக்கொட்டை நிறத் துண்டுகள் நிறைய இருந்தன. கனமான துணி. ஒவ்வொன்றும் குட்டைக் குட்டையாக இருந்தது. இணைத்தால் தையல் தெரியுமே என்றேன். தையல் எல்லாம் மடிப்புக்கு உள்ளே போகிற மாதிரி நான் இணைக்கிறேன், நீ வெட்டிக் குடு என்றாள். டீச்சரம்மா வீட்டில் பழைய மிதி மெஷின் இருந்தது. நான் வெட்ட, அவள் தைக்க, டீச்சரம்மா இஸ்திரி போட்டார். பத்தே காலுக்கு மாடியில் இருந்த துணியைக் கொண்டுவந்து அடியில் பட்டியைச் சேர்த்துத் தைத்தாள். பட்டியின் கனத்திலேயே துணி நேராக விழுந்தது. குண்டே தேவைப்படவில்லை.

மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தோம். காலையில் நான் மாட்டினதை விட நன்றாக இருந்தது. நல்ல மனிதனாக இருந்தால் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு அப்போதும் புழுங்கியது. என் தப்பைத் திருத்தும்போதுகூட என்னைவிட நன்றாகச் செய்கிறாளே என்று புழுங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள், டீச்சரம்மா கொடுத்த காபியைக் குடிக்க. கொக்கி சரிபார்த்துக்கொண்டிருந்த நான் ஹால் மூலையிலேயே அகப்பட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் முன்பே மூச்சை இழுத்துப் பார்த்தார். நானும் டீச்சரம்மாவும் மூச்சு விடவில்லை. அவர் பார்வை சுற்றி வந்து ஜன்னலில் நின்றது. எழுந்து போய்ப் பட்டியைத் தொட்டார். எங்கே வாங்கியது, இது இறக்குமதியா என்று கேட்டார்.

"எங்க மாஸ்டர் தைச்சது" என்றார் டீச்சரம்மா.

அவர் அந்தச் சமயத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. அந்தம்மா என் பக்கம் திரும்பி, "இந்தப் பட்டி வைக்கிறது உங்க யோசனையா?" என்று கேட்டார்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. ஐந்தடி தூரம். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆமாங்க" என்றேன்.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். பரீட்சையில் காப்பி அடிக்கிற பையனைப் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லாமல் போகிற டீச்சரின் பார்வை. நான் உள்ளே போனபோது அவள் கொல்லை வழியாகப் போய்விட்டிருந்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கல்யாணம் நடந்தது. திரைச்சீலையால் இல்லை. பெண்ணும் பையனும் முன்னாலேயே பேசி முடிவு பண்ணியிருந்தார்களாம், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டுக்கும் அதே பட்டி வேண்டும் என்று கடைக்குப் போன் செய்தார். "அந்த மாஸ்டர் பட்டி" என்றார். முதலாளி அந்தப் பெயரையே எழுதிக் கடை முகப்பில் மாதிரிக்கு ஒரு திரைச்சீலையை மாட்டிவிட்டார். விம்கோ நகர்க் கிளை எனக்கு வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு மெஷினோடு தனியாக ஆரம்பித்தாள். அந்த மெஷின்தான் உங்கள் வாசல் பக்கத்தில் இருப்பது. மீதியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் முதலாளியிடம் கடைசி வரைக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடம் கிளையில் இருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, விளக்குப் போட்ட ஜன்னல்களைப் பார்த்தே எது அவள் கை என்று சொல்லிவிடுவேன். எண்ண மாட்டேன் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். தேரடி வருவதற்குள் எண்ணி முடித்திருப்பேன்.

போன மாதம் உங்களிடமிருந்து தப்பித்து வெளியே வந்தேனே, அப்போது வாசலில் அவளைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். உன் பட்டறையிலேயே அதற்கு ஏன் என் பேரு வெச்சுகினு கீறே என்று. நல்லாத் திட்டட்டும் என்றுதான் கேட்டேன். அத்தனை வருடம் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"கஸ்டமரு அப்டித்தான் கேக்குறாங்க மாஸ்டர். கேக்குற பேர்ல குடுத்தாத்தான் ஓடும்" என்றாள். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த விஷயம் அவள் மனதில் ஒரு நாளாவது உட்கார்ந்ததா என்பதே சந்தேகம். என் மனதில் அது இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒருத்தி இருக்க முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ராடை உயரத்தில் அடியுங்கள், துணியைத் தாராளமாகக் கொடுங்கள், அடிக்குக் கனம் கொடுங்கள். இதையெல்லாம் மேடம் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் சொல்லக்கூடியது வேறு. பக்கத்து மெஷின்காரரின் கையைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும், அதை அணைக்க எனக்கு இன்னும் வழி தெரியாது. ஆனால் அவரிடமே போய்க் கேட்டுவிடுங்கள். 'குண்டு எங்க வாங்குன' என்ற மூன்று வார்த்தையை நான் கேட்டிருந்தால் டீச்சரம்மா வீட்டில் பூனை வந்திருக்காது. ஒளித்துச் செய்கிற வேலையை மோந்து பார்க்க இன்னொரு மூக்கு இருக்காது.

மாஸ்டர் பட்டி எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. இன்றிலிருந்து உங்கள் பட்டறையிலாவது என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த மூன்று வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது.

உங்களிடம் தருவதற்கு முன் இந்தத் தாள்களை அவளிடம் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து அவள் படித்து முடிக்கிற வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் "ஆமாங்க" என்ற இடத்தில் அவள் கண் நிற்கவே இல்லை. அதற்கு முந்தின பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றது. பேனாவைக் கேட்டு வாங்கி ஒரு திருத்தம் போட்டாள். அன்றைக்கு வெட்டியது எட்டு இஞ்சு இல்லையாம், ஒன்பது.

ஒரு தடவை அளந்ததை நான் மறந்ததில்லை என்று உங்களிடம் மேலே எழுதியிருக்கிறேன். அன்று சாயங்காலமே காலடிப்பேட்டைக்குப் போனேன். டீச்சரம்மா அந்தத் திரைச்சீலையை இன்னும் எடுக்கவில்லை. தரையில் குந்தி, வெட்டின இடத்தில் வைத்த பட்டியை டேப்பை வைத்து அளந்தேன். ஒன்பதுதான்.